நாற்பத்து மூன்று கடைகள்

சாக்கோட்டை மளிகைக் கடைக்காரர் நாராயணைப் போன புதன்கிழமை எரித்தார்கள். பாண்டீஸ்வரனின் நிம்மதியும் அன்றைக்கே சுடுகாட்டுக்குப் போய்விட்டது என்பது வாசகர்களுக்குப் போகப் போகத் தெரியும். அவர் மனைவி ஈஸ்வரிக்குத் தெரியாது. தெரியாதவரைக்கும் அவள் பாடு கொண்டாட்டம்தான்.

இன்றைக்கு அவளுக்குக் கொண்டாட்டத்துக்குக் காரணமும் இருந்தது. மகள் சத்தியப்பிரியாவுக்குத் தலை ஆடி. கல்யாணமான முதல் ஆடி என்பதால் மாப்பிள்ளை மருது பெண்ணைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு, விருந்து சாப்பிட்டுப் போக மதியம் வருகிறார். காரைக்குடி கழனிவாசலில் இருக்கும் அந்தச் சின்ன வீட்டில் காலை ஏழு மணிக்கே மிக்ஸி கத்த ஆரம்பித்திருந்தது.

எட்டு மணிக்குப் போன் கத்தியது. பாண்டீஸ்வரன் லீவு போட்ட நாளிலும் மீட்டிங்குக்கு லீவு இல்லை.

பாண்டீஸ்வரனுக்கு வயது ஐம்பத்தைந்து. மசாலாப் பொடியும் சேமியாவும் அப்பளமும் விற்கும் ஒரு கம்பெனிக்கு முப்பது வருஷமாக லைன் போகிறவர். பைக்கில் கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் எடுப்பதுதான் லைன். முன்பெல்லாம் மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய் மேனேஜர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தால் போதும். இப்போது மேனேஜர் தினமும் காலையில் சட்டைப் பைக்குள்ளேயே வந்துவிடுகிறார்.

அந்த மேனேஜர்தான் மாப்பிள்ளை மருது. சம்பந்தம் பேசும்போது வேறு ஜில்லாவில் இருந்தார். கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம் இந்த ஏரியாவுக்கே மாற்றலாகி வந்தார். ‘கொடுத்து வச்சவன்யா பாண்டி’ என்று ஊரே சொன்னது. ஊர் எதைத்தான் சொல்லாது?

“எல்லாருக்கும் வணக்கம்” என்றது போன். “முதல்ல ஒரு பாராட்டு. நம்ம ஏரியாவுல ஒரே நாள்ல நாப்பத்து மூணு கடை பார்த்த ஒரே ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரியும். பாண்டீஸ்வரன்! லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் சார்.”

“சார் வேண்டாம். நம்ம கம்பெனியில யாரும் யாருக்கும் சார் இல்லை. மருதுன்னே சொல்லுங்க.”

மாப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட பாண்டீஸ்வரனுக்கு நாக்குப் புரளவில்லை. தொண்டையைச் செருமி வைத்தார்.

அடுப்படியில் மிக்ஸி நின்றது. ஈஸ்வரி ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

“என்னங்க, இப்ப ஒங்க பேரைச் சொன்னது மாப்பிள்ளையா?”

அவர் போனைப் பொத்திக்கொண்டார். “ஆபீஸ்ல அப்படித்தான்.”

“பேரையேவா?”

“எல்லார் பேரையும் அப்படித்தான் சொல்லுவாக. நீ போ.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒருமுறைகூட வாயில் எடுக்காத பெயர் அது. அவள் போனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

“அம்பத்தஞ்சு வயசுல அவர் நாப்பத்து மூணு பார்க்கிறார்” என்று மருது தொடர்ந்தார். “முப்பது வயசுக்காரங்க இருபத்தஞ்சுல நின்னீங்க. அதனாலதான் இந்தத் திங்கக்கிழமையில இருந்து எல்லாருக்கும் நாப்பதுன்னு ஆச்சு. நாளைக்குக் காலையில தென் மாவட்டம் மொத்தமும் மீட்டிங்ல இருக்கும். எப்படிச் செஞ்சாருன்னு பாண்டீஸ்வரனே பேசுவார். கடைசியா, சிவப்புல இருக்கிறவங்க. வீரணன், நேத்து முப்பத்தொண்ணு. நாப்பதைத் தொடாததால மூணாவது சிவப்பு. மத்தியானத்துக்குள்ள சிஸ்டம் தானா வேலையை விட்டு நிறுத்துற லெட்டர் அனுப்பிரும். என் கையில எதுவும் இல்லை.”

கை தட்டுகிற படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. பாண்டீஸ்வரன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அந்த நாற்பத்து மூன்றில் நாற்பத்திரண்டு பொய்.

போன புதன்கிழமை நடந்தது இதுதான். நாராயண் செத்த செய்தி வந்ததும் பாண்டீஸ்வரன் முறைப்படி ஆப்பில் லீவு கேட்டார். துக்க விடுப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. இறந்தவர் என்ன உறவு என்று கேட்டது. தகப்பனார், தாயார், கணவன், மனைவி, பிள்ளை. இருபத்தெட்டு வருஷமாகப் பார்த்துப் பழகிய கடைக்காரர் என்று ஓர் உறவு அந்தப் பட்டியலில் இல்லை. ‘மற்றவை’ என்பதை அழுத்தினார். நாலே நிமிஷத்தில் ‘மறுக்கப்பட்டது’ என்று வந்துவிட்டது.

அப்போதுதான் தண்ணீர் கேன் வண்டிக்காரர் முத்தழகு, “போனை இங்குட்டுக் குடுங்கண்ணே. நானும் ஒங்க கடைகளுக்குத்தானே போறேன்” என்றார். ஒரு கடைப் பக்கத்தில் போன் மூன்று நிமிஷம் நின்றால் ஆப் அதை ஒரு கடை என்று எண்ணிக்கொள்ளும். கேனை இறக்கிக் காலிக் கேனை ஏற்றவும் அதே மூன்று நிமிஷம்தான். கொடுத்துவிட்டார்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. கேன் வண்டி யாரிடமும் நலம் விசாரிக்காது. கடைக்காரர் மகளுக்கு வரன் அமைந்ததா என்று கேட்காது. தலைகீழாக நின்றாலும் இருபத்தேழுக்கு மேல் போகாத பாண்டீஸ்வரனுக்கு அன்று நாற்பத்து மூன்று விழுந்தது அப்படித்தான்.

பதினொன்றரை மணிக்கு அந்த வண்டி துக்க வீட்டுக்கே கேன் இறக்க வந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த பாண்டீஸ்வரன், தன் போன் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தார். வீட்டின் முன்பக்கம்தான் நாராயணின் கடை என்பதால் அதுவும் கணக்கில் ஏறியது. உண்மையான வருகை அது ஒன்றுதான்.

பக்கத்து நாற்காலியில் வீரணன் இருந்தார். அவரும் லைன் ஆள்தான், பாண்டீஸ்வரனைவிட இரண்டு வயது மூத்தவர். அவர் போன் அவர் பையிலேயே இருந்தது. மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நின்றதற்காக அவருக்கு முதல் சிவப்பு அன்றே விழுந்தது.

கவிழ்த்து வைத்த போன் அடித்தது. வீரணன்தான்.

“பாண்டி.”

“சொல்லுங்கண்ணே.”

“கால்ல பிளேட்டு வச்ச எடம் ராவெல்லாம் விண்ணு விண்ணுன்னு தெறிச்சிருச்சுடா. முப்பத்தொண்ணுக்கு மேல ஓட்ட முடியலை. நாளைக்கு என்ன பேசப் போற?”

“பார்ப்போம்ணே.”

“என்னத்தப் பார்க்கிறது? எனக்கு இன்னும் பதினோரு மாசந்தான் சர்வீசு. இருபத்தஞ்சு கடைன்னா ஓட்டிருவேன். நாப்பது என் காலுக்கு ஆகாதுடா.”

“மத்தியானம் மாப்பிள்ளை வாராக. பேசுறேன்.”

“பேசு” என்றார் வீரணன். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் பாண்டீஸ்வரன் கோபப்பட்டாவது தப்பித்திருப்பார்.

பன்னிரண்டரைக்குக் கார் வந்து நின்றது.

“வாங்க மாப்ளே, வாங்க.”

“நல்லா இருக்கீகளா மாமா?” என்று மருது குனிந்து கும்பிட்டார். காலையில் ‘பாண்டீஸ்வரன்’ என்று சொன்ன அதே வாய்தான். ஈஸ்வரிக்கு வயிறு குளிர்ந்தது. காலையில் கேட்டதை அவள் மறந்துவிட்டாள், அல்லது மறக்க முடிவு செய்துவிட்டாள்.

சத்தியப்பிரியா பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். மாலை ஆறு மணி ஆனால் லேப்டாப்பை மூடிவிடுவாள். அப்புறம் வானமே இடிந்தாலும் திறக்கமாட்டாள். பெட்டியை வைத்ததும் நேரே கொல்லைக்கு வந்தாள். அப்பா குழாயடியில் இலை கழுவிக்கொண்டிருந்தார்.

“மூஞ்சி ஏன்ப்பா இப்படி இருக்கு?”

பாண்டீஸ்வரனுக்கு மகளிடம் மறைத்துப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் சொன்னார்.

“லீவு போட்டிருக்கலாம்ல?”

“போட்டேன். இல்லைன்னுருச்சு.”

“அப்படின்னா நேரா ஆபீசுக்குப் போன் போட்டு ‘நான் போகத்தான் செய்வேன், சிவப்புப் போடுறதுன்னா போட்டுக்கங்க’ன்னு சொல்லியிருக்கணும்.”

“சின்னப் பிள்ளையில ஒனக்குக் காய்ச்சல் கண்டப்ப நாராயண் வண்டியிலதான் மதுரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன். அவர் சாவுக்குப் போகக் கூடாதா?”

“போனதை யாரு குத்தம் சொன்னா? மறைச்சீக பாருங்க, அதைச் சொல்றேன். வீரணன் பெரியப்பா போன மாதிரிப் போயிருக்கணும். நானா இருந்தா அப்படித்தான் செஞ்சிருப்பேன்.”

“ஒனக்கென்னத்தா. இந்தக் கம்பெனி இல்லைன்னா அடுத்த கம்பெனி. அம்பத்தஞ்சு வயசுல எனக்கு எவன் வேலை குடுப்பான்?”

அவள் இலைகளை வாங்கி உதறினாள்.

“அவர்கிட்டயே சொல்லிருங்கப்பா. மீட்டிங்ல அப்படி இப்படிப் பேசினாலும் ஆள் நல்லவருதான். நீக சொன்னா வீரணன் பெரியப்பாவுக்கு வர்ற லெட்டரை நிப்பாட்டிருவாரு.”

அந்த நம்பிக்கை அவளுக்கு முழுசாக இருந்தது. கல்யாணமாகி ஐந்து மாதம்தானே ஆகிறது.

பந்தி போட்டார்கள். கோழிக் குழம்பு, ஆட்டுக்கறிச் சுக்கா, முட்டை, ரசம். ஈஸ்வரி மாப்பிள்ளையிடம் நேராகப் பேசமாட்டாள். “மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு வைக்கவான்னு கேளுத்தா” என்று பக்கத்தில் நிற்கும் மகளிடம் கேட்பாள். மாப்பிள்ளை தலையாட்டுவார். கறி விழும்.

சாப்பிட ஆரம்பிக்குமுன் மருது போனை நீட்டினார். “மாமா, இப்படிப் பக்கத்துல உக்காருங்க. சத்யா, ஒரு போட்டோ எடு.”

“குடும்பப் படமா?” என்றாள் ஈஸ்வரி ஆசையாக, மகளிடம்தான்.

“இல்லை அத்தை. வேலை நாள்ல சும்மா வர முடியாது. சிறந்த ஊழியரோட மதியச் சாப்பாடுன்னு போட்டுத்தான் வந்திருக்கேன். படம் அனுப்பணும்.”

தலை ஆடி விருந்தும் டூட்டியில் சேர்ந்துவிட்டது. பாண்டீஸ்வரன் தோள் ஒட்டி உட்கார்ந்தார். படம் அறுபது பேர் இருக்கும் குரூப்புக்குப் போனது.

ரசத்துக்கு வரும்போது மருதுவின் போன் முனகியது. இடது கையால் திருப்பிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்தார்.

“வீரணனுக்கா?” என்றார் ரசக் கரண்டியோடு நின்ற பாண்டீஸ்வரன்.

“ஆமா மாமா. சாப்பாட்டு நேரத்துல அது எதுக்கு?”

“மாப்ளே, அன்னைக்கு நான் லைனுக்கே போகலை.”

அவர் நிறுத்தாமல் சொன்னார். துக்க வீடு, கேன் வண்டி, முத்தழகு, எதையும் விடவில்லை. ஈஸ்வரி சோற்றுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்தபடியே நின்றுவிட்டாள்.

மருது ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“தெரியும் மாமா.”

“தெரியுமா?”

“அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். ஒங்க போன் மத்தியானம் தண்ணி கம்பெனியில நாப்பது நிமிஷம் நின்னுச்சு. அங்குட்டு நமக்குக் கடையே கிடையாதே.”

“அப்புறம் ஏன் மாப்ளே...”

“நான் பார்க்கிறதுக்கு முன்னாடி மேல பார்த்துட்டாங்க. மூணு மாசமா நாப்பது, நாப்பதுன்னு உசுரை எடுத்தாங்க. முடியாதுன்னு நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். அப்ப ஒங்க நம்பர் போய் விழுந்துச்சு. அம்பத்தஞ்சு வயசு ஆளே செய்யிறாரு, ஒனக்கென்னன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? பொய்யின்னு சொன்னா ஒங்க வேலை அன்னைக்கே போயிருக்கும். மாமனாரையே கண்காணிக்கத் தெரியாதவன்னு என் வேலையும் போயிருக்கும்.” தலை நிமிர்ந்தார். “நான் ஒங்களைக் காப்பாத்தித்தானே விட்டேன் மாமா?”

அதில் பாதி உண்மை இருந்தது. அதுதான் கொடுமை. முழுப் பொய்யாக இருந்தால் பாண்டீஸ்வரனுக்குக் கத்தவாவது முடிந்திருக்கும்.

“அப்பா கேட்ட லீவை இல்லைன்னது யாரு?” என்றாள் சத்தியப்பிரியா.

“எந்த லீவு?”

“நாராயண் மாமா சாவுக்குக் கேட்ட லீவு.”

மருதுவின் கை இலையில் நின்றது.

“ஒரு நாளைக்கு இருபது வரும் சத்யா. ‘மற்றவை’ன்னு வந்தா பேரைக்கூடப் பார்க்கிறதில்லை. மொத்தமா அமுக்கிருவோம்.”

“அப்படின்னா நீங்கதான்.”

“நான் வேணும்னு செய்யலை.”

“வேணும்னு செஞ்சிருந்தாக்கூட அப்பா பேரைப் படிச்சிருப்பீங்க.”

அதற்கப்புறம் ஈஸ்வரிதான் பேசினாள். “மாப்பிள்ளைக்குப் பாயசம் ஊத்தவான்னு கேளுத்தா” என்றாள். அவள் கண்ணில் நீர் நின்றது.

மாப்பிள்ளை பாயசமும் சாப்பிட்டார்.

மூன்று மணிக்குச் சிவகங்கையில் வேறு மீட்டிங். கிளம்பும்போது, “அஞ்சு நிமிஷம் பேசினாப் போதும் மாமா. ஏழு மணிக்கே கிளம்புவேன், ஒரு தெருவை முடிச்சுட்டுத்தான் அடுத்த தெரு, இந்த மாதிரி. நானே எழுதி அனுப்புறேன்” என்றார் மருது. பிறகு மனைவியிடம், “ஆடி முடிஞ்சதும் வந்து கூட்டிக்கிறேன்” என்றார்.

“நாளைக்கு அப்பா பேசட்டும். அதைக் கேட்டுட்டு நான் வர்றதைப் பத்திப் பேசலாம்.”

“மிரட்டுறியா?”

“இல்லை. சொல்றேன்.”

கார்க் கதவு சாத்தியது. திண்டாட்டம் முழுதும் மாமனார் தலையில் இறங்கியது. நாளைக்கு உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளையின் வேலை போகும். பொய்யைச் சொன்னால் மகள் அந்த வீட்டுக்குப் போகமாட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள் என்பது பெற்றவருக்குத் தெரியாதா?

“மாப்பிள்ளை சொல்றபடி கேளுங்க” என்று ஈஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “வீரணன் அண்ணனுக்கு வேற ஏதாச்சும் செய்வோம். அவ சின்னப் பிள்ளை, ரெண்டு நாள்ல சரியாயிரும். நம்ம பொண்ணு வாழணும்ல?”

நாலு மணிக்கு மருது எழுதி அனுப்பியது வந்தது. ‘வணக்கம். நான் பாண்டீஸ்வரன்’ என்று தொடங்கியது. அதற்குக் கீழே ஒரு வரிகூட உண்மை இல்லை.

படித்துக்கொண்டிருக்கும்போதே வீரணன் கூப்பிட்டார்.

“லெட்டர் வந்துருச்சு பாண்டி. மாசக் கடைசியோட சரி.”

“அண்ணே...”

“போட்டோவும் வந்துச்சு. மாப்பிள்ளை பக்கத்துல நல்லாத்தான் உக்காந்திருந்த. பேசினியா?”

பாண்டீஸ்வரன் வாயைத் திறந்தார். மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் நாற்பது போட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொழுது சாய்வதற்குள் அது அறுபது பேருக்கும் போய்விடும்.

“இல்லைண்ணே. வந்ததும் கிளம்பிட்டாக. பேச நேரம் அமையலை.”

வீரணனுக்குப் பின்னால் எங்கோ ஒரு பெண் குரல் ‘என்னவாம்?’ என்று கேட்டது.

“மத்தியானத்துல இருந்து ஒன் மதினி கேட்டுக்கிட்டே இருக்கா. பொறு, மாப்பிள்ளை சாப்பிட்டு முடிக்கட்டும், பாண்டி பேசுவான்னு சொல்லி வச்சிருந்தேன்” என்றார் வீரணன். “சரி, மாப்பிள்ளை சாப்பிட்டாரா?”

“சாப்பிட்டாக.”

“நல்லது.”

போன் அணைந்தது. பாண்டீஸ்வரன் திரும்பினார். நிலைப்படியில் சத்தியப்பிரியா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“பேச நேரம் அமையலையாப்பா?” என்றாள்.

மத்தியானத்தில் இருந்து அவள் கண்ணில் இருந்த கோபம் இப்போது இல்லை. புருஷனைப் பார்த்த அதே பார்வையோடு அவரையும் பார்த்தாள். அதைத் தாங்கமுடியாமல் பாண்டீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார். மீட்டிங்குக்கு இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது.